பத்து நூல் கலுங்கு

அப்துல் சுக்கூர் பாய்க்குச் சிவனம்மாள் தர வேண்டியிருந்த கடன் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். அவள் வாங்கியது அல்ல. புருஷன் பொம்மையன் வாங்கியது. இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவுக்குள் சுற்றும் சக்கரம் மயிரிழை கோணாமல் சுற்றுகிறதா என்று பார்க்கும் பாலன்சிங் மிஷின் ஒன்றைப் பாய் தன் கைக்காசு போட்டு இறக்கிக் கொடுத்தார். வட்டி வாங்குவது அவர் மார்க்கத்தில் ஆகாது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு பேச்சு: கடைசி ரூபாய் வந்து சேரும்வரை மிஷின் பாயுடையது, அதில் செய்யும் வேலை பொம்மையனுடையது. பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை. மிஷின் வந்து ஏழாம் மாதம் பொம்மையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தன் டர்போ ரிப்பேர் கடையிலேயே சாய்ந்தான். மிஷினும் கடனும் சிவனம்மாளும் மிச்சம்.

அப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. படிப்பு அஞ்சாப்பு, அதிலும் கணக்கில் பெயில். கடையில் அதுவரை அவளுக்கு இருந்த வேலை மண்ணெண்ணெயில் சாமான் கழுவுவது. "மிஷினைத் தூக்கிக் குடுத்துட்டு நிலக்கோட்டைக்குப் பூக்கட்டப் போ" என்றார்கள் சொந்தக்காரர்கள். அவளா போவாள்? கழுவிக் கழுவியே ஒவ்வொரு சாமானின் உடம்பையும் விரலால் படித்து வைத்திருந்தாள். புருஷன் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்த தேய்மானத்தை அவள் கட்டைவிரல் நகத்தால் தடவியே சொன்னாள். மூன்றே வருஷத்தில் வத்தலக்குண்டு சாலையில் "டர்போ அக்கா கடை" என்றால் லாரிக்காரன் வழி கேட்காமல் வந்து நின்றான். மதுரையில் கைவிட்ட டர்போ, திருச்சியில் கைவிட்ட டர்போ எல்லாம் சாக்கில் கட்டி பஸ்ஸில் வந்து இறங்கின. எந்தக் காலேஜ் படித்தவனும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை பூ வேன்கள். நிலக்கோட்டை மல்லிகை மொட்டு விரிவதற்குள் மதுரை விமானத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பத்து நிமிஷம் பிந்தினால் மூட்டை மூட்டையாகப் பூ குப்பைக்குத்தான். வேன்காரர்கள் வந்து, "அக்கா, இழுவை பத்தல" என்பார்கள். டர்போவில் காற்றழுத்தம் அளவுக்கு மேல் போகாமல் புகையை வெளியே திறந்துவிட ஒரு சிறிய கதவு உண்டு. அந்தக் கதவை இழுக்கிற டப்பாவுக்கு ஆக்சுவேட்டர் என்று பேர். டப்பாவின் அடியில் சிவனம்மாள் இரண்டு வாஷர் வைத்து முடுக்குவாள். கதவு கொஞ்சம் பிந்தித் திறக்கும், காற்று கூடும், வேன் பறக்கும். டீசல் வண்டி, தாங்கிக்கொள்ளும். பன்னிரண்டு வருஷத்தில் ஐந்நூறு வேனுக்காவது வாஷர் வைத்திருப்பாள். தூக்கத்தில் எழுப்பி டப்பாவைக் கையில் கொடுத்தாலும் இரண்டு வாஷர் தானாகப் போய் உட்காரும்.

அப்படி உழைத்து இரண்டு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் அடைத்தாகிவிட்டது. நிலுவை எழுபத்தைந்தாயிரம். அது பாட்டுக்கு அடையும் என்று இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை பாய் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கொடுத்த டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"சிவனம்மா, பேத்தி இஃப்பத்துக்கு காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பீஸ் கட்டணும். கடையையும் மூடிட்டேன், கையில ஒன்னும் நிக்கல."

"எம்புட்டு வேணும் பாய்?"

"நீ தர வேண்டியது அம்புட்டும் வேணும்மா. கரூர் நல்லுசாமி மிஷினை ரெண்டு லட்சத்துக்குக் கேக்குறாரு. என் காசு எழுவத்தஞ்சு போக மிச்சம் உனக்குத்தான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வாரேன். அவரும் லாரியோட வாராரு."

அவர் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது பதில் சொல்லலாம். மிச்சப் பணத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்ய? மிஷின் போனால் மறுபடி மண்ணெண்ணெய்ச் சட்டிதான். "காசு இருக்கும் பாய், லாரியைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன நேரத்தில் காசு டப்பாவில் இருந்தது மூவாயிரம்.

செவ்வாய்க்கிழமை விக்னேஷ்குமார் வந்தான். வேடசந்தூர் பக்கம் நூல் மில் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை, இருபத்தெட்டு வயது. தரையை நக்குவது போல் தாழ்ந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, பெட்ரோல் இஞ்சின், டர்போவைப் பெரிதாக்கி மாற்றியிருந்தான். பக்கத்து லேத்துப் பட்டறை சேவியர் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இதுல எத்தனை மூட்டை பூ ஏத்தலாம்னு கேளு" என்று சிரித்தான்.

விக்னேஷ்குமார் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் பந்தயத் தடத்தில் ஓட்டப் பேர் கொடுத்திருக்கிறான். ஆனால் வண்டி அடங்க மாட்டேன் என்கிறது. காற்றழுத்தம், அதை அளக்கும் கணக்கில், ஒரு பாரில் நிற்க வேண்டும். இஞ்சின் மூவாயிரம் சுற்றில் ஓடும்போது நிற்கிறது. இஞ்சின் வேகம் கூடக் கூட அதுவும் ஏறி ஒன்று புள்ளி நான்கைத் தொடுகிறது. ஒன்று புள்ளி இரண்டைத் தாண்டினால் பெட்ரோல் வேளை கெட்டு வெடித்து பிஸ்டனை உருக்கிவிடும். ஏற்கெனவே ஒரு இஞ்சின் போயிற்று.

"கோயம்புத்தூர்ல மூனு பேர் பாத்துட்டாங்க அக்கா. எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் போட்டாங்க, அதை மாத்தி வேற போட்டாங்க. லேப்டாப்பை வச்சு ரெண்டு நாள் உக்காந்தாங்க. நிக்கல."

சிவனம்மாள் லேப்டாப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தரையில் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். சைலன்சர் குழாய் தொடை தண்டி இருந்தது.

"இதை எப்ப மாத்துன?"

"போன தீபாவளிக்கு."

"இந்தக் கூத்து எப்ப ஆரம்பிச்சது?"

அவன் யோசித்தான். "அதுக்கப்புறந்தான்."

எழுந்து சேலையைத் தட்டினாள். "உங்க ஊர்ல கண்மாய் இருக்கா தம்பி?"

"இருக்கு."

"வெள்ளம் வந்தா மிச்சத் தண்ணி எது வழியாப் போகும்?"

"கலுங்கு வழியா."

"கண்மாய்க்கு வரத்து வாய்க்காலை மூனு பங்கு அகலமாக்கிட்டு, கலுங்கை மட்டும் பழையபடி பூனை நுழையற அளவுக்கு வச்சா?"

"கரை உடைஞ்சிரும்."

"உன் டர்போவுல அந்தக் கதவுதான் கலுங்கு. குழாயைப் பெருசாக்கிப் புகையைப் பாய விட்டுட்ட. கதவு முழுசாத் திறந்தாலும் ஓட்டை பத்தல, மிச்சம் சக்கரத்தைச் சுத்தத்தான் செய்யும். கதவை எப்பத் திறக்கணும்னு சொல்ல ஆயிரம் பெட்டி மாட்டு. ஓட்டை சின்னதுன்னா பெட்டி என்ன பண்ணும்?"

விக்னேஷ்குமார் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். சேவியர்கூடச் சிரிப்பதை நிறுத்தினான்.

"எழுவத்தஞ்சாயிரம். ரொக்கம். வெள்ளிக்கிழமை காலையில முடிச்சுத் தாரேன்."

"ஓட்டையைப் பெருசாக்குறதுக்கா?"

"எந்த ஓட்டைன்னு தெரிஞ்சதுக்கு."

புதனும் வியாழனும் அவள் வேறு வேலை எதையும் தொடவில்லை. டர்போவைக் கழற்றி உள்ளே பார்த்தாள். கதவு ஓட்டை எட்டு நூல், அதாவது ஒரே அங்குலம். பத்து நூல் ஆக்க வேண்டும். அந்தப் பக்கச் சுவர் இரும்பு மெல்லியது. அரை நூல் அதிகம் போனால் உள்வழி உடைந்து டர்போவே வீண். புதிது வாங்க இரண்டரை லட்சம். கையில் பிடிக்கும் சின்ன கிரைண்டரை எடுத்துக்கொண்டு, இடது கையின் சுண்டுவிரலை உட்சுவரின் மறுபக்கம் வைத்தாள். சூடு ஏறுவதை வைத்தே சுவர் எவ்வளவு மிச்சம் என்று அவளுக்குத் தெரியும். விரல் தாங்காத இடத்தில் நிறுத்துவாள், ஆற விடுவாள், மறுபடி தொடுவாள். வியாழக்கிழமை மதியம் சுண்டுவிரல் கொப்பளித்திருந்தது. ஓட்டை பத்து நூல், சுவர் முழுசு.

பெரிய ஓட்டைக்குப் பெரிய கதவு வேண்டும். புகைச் சூட்டைத் தாங்கும் இரும்புக்கு எங்கே போவது? பழைய லாரி இஞ்சினின் புகை வால்வு ஒன்றை எடுத்து, தலையை வெட்டிச் சேவியரிடம் கொடுத்தாள்.

"ஏலே, இதைத் தட்டையாக் கடைஞ்சு குடு. பால் வச்சாலும் ஒழுகக் கூடாது."

"லாரிச் சாமானைக் கொண்டுபோய் அம்பது லட்ச ரூபா காருல வைக்கிறயே, உனக்குப் பயமே இல்லையாக்கா?"

"இருக்கு. அதான் உன்னை ஒழுங்காக் கடையச் சொல்றேன்."

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் பூட்டினாள். ஒவ்வொரு போல்ட்டும் அவள் கையாலேயே.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கரூர் நாலுவழிச் சாலையில், கண்ணுக்கு எட்டியவரை வண்டி இல்லாத ஒரு நேரான இடம் பார்த்து நிறுத்தினார்கள். கன்ட்ரோலர் பெட்டியை அவள் கழற்றச் சொல்லியிருந்தாள். வெறும் கதவு, வெறும் ஸ்பிரிங். விக்னேஷ்குமார் ஓட்ட, பக்கத்தில் சிவனம்மாள். சீட் அவளை விழுங்கியது போல் இருந்தது. கண் முன்னால் ஒரு சின்ன மீட்டர், அதில் ஒரு முள்.

"பயப்படாம மிதி. நான் பூட்டுனது" என்றாள்.

மூன்றாம் கியரில் மிதித்தான். முதுகு சீட்டில் அறைந்தது. முள் எழுந்து ஒன்றைத் தொட்டது. நிற்கும் என்று அவள் மூச்சை விடப்போனாள். ஒன்று புள்ளி ஒன்று. ஒன்று புள்ளி இரண்டு. ஒன்று புள்ளி மூன்று.

"காலை எடு!"

பயப்படாமல் மிதி என்ற அவள் முதல் சொல்லை நம்பியவன் அல்லவா, இன்னும் மிதித்துக்கொண்டிருந்தான். சரளைக் கல்லைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கியது போல இஞ்சினிலிருந்து ஒரு சத்தம். சிவனம்மாள் அவன் தொடையில் ஓங்கிக் குத்தினாள். கால் எழும்பியது. முள் கடைசியாகத் தொட்ட இடம் ஒன்று புள்ளி நாலரை.

ஓரத்தில் முருங்கைத் தோட்டத்து வேலி. வண்டியை அங்கே நிறுத்தினான். வெளியே இறங்கிப் போய் இடுப்பில் கை வைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அவள் பானெட்டைத் திறந்தாள். ஓட்டை சரி, கதவு சரி. பிறகு என்ன? ஆக்சுவேட்டர் டப்பாவைத் தடவிய விரல் அடியில் போனதும் நின்றது. இரண்டு வாஷர்.

வைத்ததே நினைவில்லை. ஐந்நூறு வேனுக்கு வைத்த கை, ஐந்நூற்றியோராவதுக்கும் வைத்துவிட்டது. பத்து நூல் கலுங்கு வெட்டிவிட்டு அதன் ஷட்டரைத் தானே பிடித்துக் கட்டியிருக்கிறாள்.

விக்னேஷ்குமார் பத்தடி தள்ளி நின்றான். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. சூட்டோடு சூடாகக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, "ரப்பர் குழாய் விலகிருச்சு தம்பி" என்றால் யாருக்குத் தெரியும்? மணி ஏழே கால். ஜும்மா முடிவது மதியம் ஒன்றரைக்கு. மிஷின் மிஞ்சும், பேரும் மிஞ்சும். ஆனால் அந்தச் சரளைக் கல் சத்தம் அவள் காதிலேயே இருந்தது. உள்ளே பிஸ்டன் ஒன்று கீறியிருந்தால்? கீறலோடு இவன் ஞாயிற்றுக்கிழமை இருநூறு வேகத்தில் போனால்?

"தம்பி, இங்க வா."

வந்தான். டப்பாவின் அடியைக் காட்டினாள். "இது என் தப்பு. பூ வேனுக்கு வைக்கிற வாஷர். கை பழக்கத்துல வச்சுட்டேன்."

அவன் முகம் வண்டி நிறத்துக்குப் போயிற்று. "பூ வேனா? ஏற்கெனவே ஒரு இஞ்சின் போச்சுன்னு சொன்னேன்ல! பெரிய ஆளு, பெரிய ஆளுன்னு ஊரே சொல்லுச்சு!"

"பெரிய ஆளுதான். பெரிய ஆளு பண்ற தப்பும் பெருசாத்தான் இருக்கும். இப்ப கத்துறதுல காசு மிச்சமாகாது. உள்ள அடிபட்டிருக்கான்னு பாக்கணும். இஞ்சின் ஆறட்டும்."

"அடிபட்டிருந்தா?"

அவள் சூடு இறங்கட்டும் என்று பானெட்டைத் திறந்தே விட்டாள்.

ஒரு மணி நேரம் வேலி ஓரம் உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஒருமுறை லாரி வைத்து வண்டியைத் தூக்கிப் போகப் போன் போட்டான். எதிர்முனையில் யாரும் எடுக்கவில்லை. பிறகு அவள் பையிலிருந்து அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்தாள். உள்ளே தீப்பொறி தரும் நாலு பிளக்கையும் கழற்றி வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தாள். பிஸ்டன் உருகியிருந்தால் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுப் பொடி தூவியது போல் ஒட்டியிருக்கும். முதல் பிளக், சுத்தம். இரண்டாவது, சுத்தம். மூன்றாவதில் ஒரு கரும்புள்ளி. விக்னேஷ்குமார் குனிந்தான். அவள் நகத்தால் சுரண்டினாள், கரி, உதிர்ந்துவிட்டது. நாலாவது சுத்தம். ஒவ்வொரு துளையிலும் கருவியைத் திருகி ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னாள். நாலும் ஒரே எண்ணைக் காட்டின.

"ஒன்னும் ஆகல" என்றாள்.

வாஷரைக் கழற்றினாள். டப்பாவிலிருந்து கதவுக்குப் போகும் கம்பியின் நீளத்தைத் திருத்தி, கைப்பம்பால் டப்பாவுக்குக் காற்றடித்து, கதவு எந்த அழுத்தத்தில் அசைகிறது என்று மூன்று தடவை பார்த்தாள். "எடு, போலாம்."

"நான் மிதிக்க மாட்டேன்."

"மிதிக்காமப் போனா ஞாயித்துக்கிழமை அங்க போய்த் தெரிஞ்சுக்குவ. இங்க நான் பக்கத்துல இருக்கேன்."

"போன தடவையும் நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க!"

"ஆமா. அதனாலதான் சொல்றேன், இந்தத் தடவை நான் முள்ளை மட்டுந்தான் பாப்பேன், பெருமை பேச மாட்டேன். நீ ரோட்டை மட்டும் பாரு. எடுன்னு சொல்ற வரைக்கும் காலை எடுக்காத."

மூன்றாம் கியர். முள் எழுந்தது. ஒன்று. அவன் கால் தளர்ந்தது. "எடுக்காத." நாலாயிரம் சுற்று, ஒன்று. ஐயாயிரம், ஒன்று. முள் ஒரு மயிரளவு நடுங்கியது, அவள் கொப்பளித்த விரல் சீட்டின் ஓரத்தைக் கவ்வியது. "எடுக்காத." ஆறாயிரம்; ஒன்று. "நாலாவது போடு." மறுபடி எழுந்தது, மறுபடி ஒன்று, ஆணி அடித்தது போல. முருங்கைத் தோட்டம், தென்னந்தோப்பு, மில் புகைக்கூண்டு எல்லாம் பின்னால் ஓடின. ஆறாயிரத்து ஐந்நூறு. ஒன்று.

"இப்ப எடு."

வண்டி தானாக மெதுவானது. பிறகு அவன் சொன்னான்: "இன்னொரு தடவை அக்கா." இன்னும் நாலு தடவை மிதித்தான். முள் ஒன்றைத் தாண்டவில்லை.

மில் ஆபீசுக்குப் போய் ரொக்கம் எடுத்து வந்தபோது மணி பன்னிரண்டரை. "எழுவது இருக்கு அக்கா. அஞ்சாயிரம் அந்தப் பயத்துக்குக் கழிச்சுக்கிட்டேன்" என்றான். வேறு நாளாக இருந்தால் அவன் ஏழு தலைமுறையை இழுத்திருப்பாள். வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள். தப்பு அவளுடையது, அதற்கு விலையும் அவளுடையதுதான்.

கடைக்கு வந்து இறங்கும்போது ஒன்றே முக்கால். வாசலில் கரூர் லாரி. மிஷினின் தரை போல்ட் நாலில் மூன்றைக் கழற்றியாயிற்று. நல்லுசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்துல் சுக்கூர் பாய் தொழுகைத் தொப்பியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"நாலாவது போல்ட்டைத் தொட்டா கையை முறிச்சுருவேன்" என்றாள் சிவனம்மாள்.

"ஏனுங்கம்மா, பாய் சொல்லித்தானுங்க வந்தோம்" என்றார் நல்லுசாமி.

"இப்ப நான் சொல்றேன்ல."

முந்தியை அவிழ்த்தாள். எழுபது. காசு டப்பாவிலிருந்த மூவாயிரத்தை எடுத்தாள். எழுபத்து மூன்று. பாய் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டாயிரம்தானம்மா, அது கிடக்கட்டும்" என்றார்.

"கிடக்கக் கூடாது பாய். கடைசி ரூபாய்னு சொன்னது நீங்க." லேத்துப் பக்கம் திரும்பினாள். "ஏலே சேவியர்! உன் மச்சான் பூ வேனுக்கு டர்போ போட்டேனே, கூலி எங்க?"

"இப்பவா அக்கா கேப்ப? கதவு கடைஞ்ச கூலி எனக்கு நீதான் தரணும்."

"அது ஐநூறு. மச்சான் பாக்கி ரெண்டாயிரத்து ஐநூறு. கழிச்சுட்டு ரெண்டாயிரம் கொண்டா."

"கணக்குல பெயில்னு சொன்ன ஆளா இது" என்று முனகிக்கொண்டே சேவியர் சட்டைப் பைகளைத் துழாவினான். நூறும் இருநூறுமாய்ச் சேர்த்துக் கொண்டுவந்தான்.

பாய் எழுந்து நின்று வலது கையை விரித்து நீட்டினார். சிவனம்மாள் தன் கொப்பளித்த விரலால் அதைக் கீழிருந்து தாங்கிக்கொண்டு, மறு கையால் ஒவ்வொரு தாளாக வைத்தாள். லாரியில் உட்கார்ந்திருந்தவனுக்கும் கேட்கும்படி எண்ணினாள். ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் நூற்று நாற்பத்தாறு. அதன் மேல் சேவியரின் கசங்கிய இருநூறுகள், அதற்கும் மேல் நூறுகள். "எழுவத்தி நாலாயிரத்து எழுநூறு. எண்ணூறு. தொளாயிரம்." கடைசி நூறை அழுத்தித் தேய்த்து நீவி, அந்த உள்ளங்கையில் வைத்தாள்.